நான் வெட்டிய நாற்பது வரிகள்

வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டிய நேரம். முக்காலியின் மேல் நிற்கிறேன். கையில் ஒரு பனையோலைப் பெட்டி. பெட்டிக்குள் எங்கள் வீட்டு ரவுட்டர். அதைச் சணல் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓலை இடுக்குகளில் பச்சை விளக்குகள் மினுங்குகின்றன, யாரோ மின்மினிகளைப் பிடித்து அடைத்துவைத்ததைப் போல.

கீழே என் மனைவி ஜெபா. தலைக்குக் குளித்து, கடுகு நிறப் பருத்திச் சேலை கட்டி, இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"அத்தான், இறங்குங்க. விழுந்து காலை ஒடிச்சியன்னா இன்டர்வியூவுல உங்களையும் மடியில வச்சுக் காட்டணும்."

"இப்பப் பாரு, சிக்னல் நேரா வந்து ஒன் மடியில விழும்."

"மூணு நாளா இதத்தான் சொல்லுதிய."

மூன்று மணிக்கு அவளுக்கு நேர்காணல். துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறாள் ஜெபா. எந்தப் பெட்டகம், எந்தக் கப்பல், எந்த ஊர், எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். தென்கரைத் துறைமுகங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தர ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாக அவள் நிறுவனம் அறிவித்தது. எதற்குமே விண்ணப்பம் போடாதவள் போட்டாள். "இத்தன வருசமா அடுத்தவங்க பெட்டியத்தான் ஏத்தி அனுப்புதேன். ஒரு தடவ நானும் ஏறிப் பாக்கேன்" என்றாள்.

வடக்கே தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து வீடியோவில் கேள்வி கேட்பார்கள். இணைப்பு அறுந்தால் மறுவாய்ப்பு கிடையாது என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆகவே, அவளுடைய மடிக்கணினி முக்கால் மணி நேரம் இணையத்தில் நிற்க வேண்டும்.

அது நாலு நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்குக் காரணம், பத்திரிகையில் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கிற நான்.

அசனத்துக்குப் போனவள்

ஜெபா நாசரேத்துக்காரி. கோயிலில் அசனப் பண்டிகை என்றால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அவள் போகாமல் இருக்கமாட்டாள். மூன்று நாள் போனாள். மூன்று நாள் என்பது என்னைப் போன்ற அமைதியில்லாத ஆளைத் தனியாக விடக்கூடாத கால அளவு.

அவள் மடிக்கணினி ஆமை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையதில் இரண்டு ஆண்டுகளாக லினக்ஸ் என்ற இயங்குதளம். புதிதாக மதம் மாறியவனின் உற்சாகம் எனக்கு. பார்க்கிறவர்களிடமெல்லாம் இலவசம், விடுதலை, வைரஸ் கிடையாது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அவள் ஊரில் இல்லாதபோது அவளுடைய கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, பழையதை முழுக்கத் துடைத்து, லினக்ஸைக் குடியேற்றினேன். கையோடு, மின்கலம் நெடுநேரம் தாங்கட்டும் என்று, இணையத்தில் எவரோ புகழ்ந்திருந்த ஒரு மின்சிக்கன நிரலையும் போட்டுவைத்தேன். அன்பின் மிகுதி.

தூக்குவாளியில் அசனச் சோறும் கத்திரிக்காய்க் குழம்புமாக அவள் திரும்பி வந்தாள். கணினியைத் திறந்தாள். பழைய படம் இருந்த இடத்தில் ஒரு நீல மலை.

"என் கம்ப்யூட்டர் எங்க?"

"இதான்."

"இதுவா?" சற்று நேரம் அந்த மலையைப் பார்த்தாள். "உங்களக் கட்டிக்கிட்டப்பவும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

கோபமில்லை. வேகமாக ஓடுகிறது என்று பாராட்டக்கூடச் செய்தாள். மறுநாள் காலை நேர்காணல் கடிதம் வந்தது. அன்று மாலையே இணையம் அறுந்தது.

காற்றடிக்கிற இடம்

எங்களுடையது மாடி வீடு. மேற்குப் பக்கம் என் அறை. அங்கே மேசை, மேசையின் மேல் அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புத் தாள்கள், சுவருக்கு அந்தப்புறம் ஒரு மாவு மில். கிழக்கே கூடம். கூடத்து ஜன்னலைத் திறந்தால் நாலு தெரு தாண்டி துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகளைப் போல மேய்ந்துகொண்டிருக்கும்.

அது கச்சான் வீசுகிற காலம். மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அடுப்பு வாயைத் திறந்துவைத்த மாதிரி வரும். உடன் தேரிக்காட்டுச் செம்மண்ணையும் கூட்டிவரும். பல்லில் நறநறக்கும். பிற்பகலில் கடல் மனம் இரங்கிக் கிழக்கேயிருந்து ஒரு மூச்சு விடும். அந்த மூச்சுக்காகத்தான் இந்த ஊரில் எல்லா வீட்டுக் கிழக்கு ஜன்னலடியிலும் ஒரு நாற்காலி கிடக்கிறது. எங்கள் வீட்டில் அது ஜெபாவின் நாற்காலி. மில் சத்தமும் அங்கே எட்டாது. நேர்காணலுக்கு வேறு இடமே இல்லை.

அவள் அங்கே உட்கார்ந்தால் இணையம் போய்விடும். "அத்தான்" என்பாள். கணினியை வாங்கிக்கொண்டு என் அறைக்கு வருவேன். மேசையில் வைப்பேன். கண்ணாடி போல ஓடும். அரை மணி நேரம் படம் பார்ப்பேன், ஒரு சிறு துள்ளலும் இருக்காது.

"எனக்கு நல்லாத்தான வேலை செய்யுது" என்று கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஜன்னலடியில் நாலு நிமிடம். மறுபடியும் "அத்தான்."

"நீ என்னத்தையாவது அமுக்குதியா?"

"நானா? நான் மூச்சக்கூட மெதுவாத்தான் விடுதேன்."

காற்றைச் சந்தேகப்பட்டேன். கூடத்து இரும்பு அலமாரியைச் சந்தேகப்பட்டேன். ஒரு கட்டத்தில் என் மனைவியின் உடம்பில் ஓடும் மின்னோட்டத்தையே சந்தேகப்பட்டேன். அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு எனக்குத் தோசைக்குச் சட்னி கிடைக்கவில்லை.

கடலலை போல

முத்துநகர் லினக்ஸ் குழு என்று அலைபேசியில் ஒரு குழு உண்டு. ஊரில் லினக்ஸ் வைத்திருக்கிற முப்பது நாற்பது பேர். ஒருவரை ஒருவர் முகம் பார்த்ததில்லை; ஆனால் ஒருவர் கணினி படுத்தால் பத்துப் பேர் வந்து நாடி பிடிப்பார்கள். குழுவுக்குக் கட்டுப்பாடுகள் கடுமை. திரையைப் போட்டோ எடுத்துப் போடக்கூடாது. 'அவசரம்' என்று எழுதக்கூடாது. என்ன செய்தாய், என்ன நடந்தது, இரண்டையும் சொல்ல வேண்டும்.

நான் எழுதினேன்: "என் மனைவியின் கணினியில் இணையம் கடலலை போல வருவதும் போவதுமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்காணல்."

பதில் வந்தது: "கடலலை போலன்னா எத்தன நிமிசத்துக்கு ஒரு தடவ, அண்ணாச்சி?"

கேட்டவர் ரோஸ்லின். குழுவிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவர், மிக அதிகமாகச் சரிசெய்கிறவர் என்று பெயர். துறைமுகத்தில் இறால் ஏற்றிய குளிர்பெட்டகங்களைக் கண்காணிக்கிற வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

லாகை அனுப்பச் சொன்னார். கணினி தனக்கு நடப்பதையெல்லாம் நொடிக்கு நொடி தானே எழுதிவைக்கிற நாட்குறிப்பு அது. எடுக்க ஒரு கட்டளையும் தந்தார். கறுப்புத் திரையில் அதைத் தட்டினேன். பொழிந்தது பாருங்கள், வரிவரியாக, ஒவ்வொரு வரியின் நெற்றியிலும் நேரத்தை ஒட்டிக்கொண்டு. படித்துப் பார்த்தேன். படித்ததுதான் தப்பு.

இரண்டு பொன்னுத்துரைகள்

இங்கே கொஞ்சம் விலக வேண்டும். இந்தத் தொடரில் நான் அடிக்கடி விலகுவதாக ஆசிரியருக்கு வருத்தம். போன வாரம் உப்பள லாரியைப் பற்றி எழுதியபோது எலுமிச்சை ஊறுகாய் பற்றிய நான்கு பத்தி காணாமல் போயிருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். வெட்டுகிற கையின் அரிப்பு எனக்கும் தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்வது மெய்ப்புத் திருத்தம். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், நினைவஞ்சலி. கவிதை எழுதுகிற பழக்கமும் உண்டு என்பதால், ஒரே சொல் இரண்டு முறை வந்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அழைப்பவர் வரிசையில் பொன்னுத்துரை, அதற்குக் கீழே மறுபடியும் பொன்னுத்துரை. அச்சுக்கோத்தவர் தூங்கிவிட்டார் என்று ஒன்றை அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் தத்தம் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று பொன்னுத்துரைகூட இருப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? தெரியும், ஆனால் திருத்தும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். பத்திரிகை ஊர் முழுக்கப் போன பிறகு இரண்டாம் பொன்னுத்துரை அச்சகத்துக்கே வந்தார். நிதானமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, நான் செத்துட்டேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அதிலிருந்து நான் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

ரோஸ்லினுக்கு அனுப்புவதற்கு முன் அந்த நாட்குறிப்பைச் செப்பனிட்டேன். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பது நாற்பது தடவைக்கு மேல் வந்திருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். நெற்றிகளிலிருந்த எண்களைத் துடைத்தேன்; அவை வாசிப்பின் ஓட்டத்தைக் கெடுத்தன. நடுநடுவே மின்சாரம், மின்கலம் என்று ஏதோ வந்தது. வைஃபையைப் பற்றிக் கேட்டால் கரண்டைப் பற்றி எதற்குப் பேச்சு? பொருளை விட்டு விலகுகிறது. வெட்டினேன். கடைசியில் ஐந்து வரி மிஞ்சியது. ஐந்தும் முத்து. என்னுடைய பல கவிதைகளைவிட இறுக்கம்.

ரோஸ்லின் அதைப் படித்துவிட்டு, ஒரே ஒரு தடவைதான் அறுந்திருக்கிறது, சிக்னல் பலவீனமாக இருக்கலாம், ரவுட்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். இப்படியாகத்தான் நான் முக்காலியில் ஏறினேன்.

கயிறு இழுத்தவர் மகள்

ரவுட்டர் இப்போது ஜெபாவின் தலைக்கு ஒரு முழம் மேலே, ஓலைப்பெட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. இதைவிடப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் அவள் அதைக் கொண்டையில்தான் சூடிக்கொள்ள வேண்டும். கணினியைத் திறந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நாலு.

அவள் "அத்தான்" என்று சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றேகால்.

குழுவில் எழுதினேன்: "ரவுட்டரைத் தலைக்கு மேலேயே கட்டிவிட்டேன். இன்னும் அறுகிறது." சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. பின்னணியில் இயந்திர இரைச்சல். ஏதோ பின்னோக்கி வந்து பீப் பீப் என்று கத்தியது.

"அண்ணாச்சி, ரோஸ்லின் பேசுதேன். சாப்பாட்டு நேரம், பத்து நிமிசம் இருக்கு. அந்த லாகு முழுசாத்தான அனுப்புனிய?"

"தேவையானது எல்லாம் இருக்கு."

"முழுசான்னு கேட்டேன்."

"கொஞ்சம் சுருக்கினேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துச்சு தங்கச்சி. சம்பந்தமில்லாததும் கிடந்துச்சு."

அவர் இரைச்சலை விட்டுத் தள்ளி நடந்தார்; பீப் ஒலி தேய்ந்தது.

"எங்க அப்பா சங்கு குளிக்கப் போறவரு. தண்ணிக்குள்ள இருந்து கயித்த ஒரு தடவ இழுத்தா ஒரு அர்த்தம். நாலு தடவ இழுத்தா என்னைத் தூக்குன்னு அர்த்தம். மேல கயிறு புடிச்சிருக்கது நீங்களா இருந்தா, ஒரே மாதிரிதான இழுக்கான்னு மூண வெட்டிட்டு உக்காந்திருப்பிய."

அறைக்குள் போய் மேசையில் கணினியை வைத்து, முழு நாட்குறிப்பையும் ஓர் எழுத்து தொடாமல் அனுப்பினேன். ஜெபா பின்னாலேயே வந்து கதவுநிலையில் நின்றாள். என் அலைபேசியை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

ரோஸ்லின் வாசிப்பது கேட்டது, உதட்டுக்குள், ஜெபமாலை சொல்வதைப் போல. பிறகு நின்றது.

"அண்ணாச்சி, நீங்க ஒக்காந்து பாக்கும்போது சார்ஜர் வயரு சொருவியிருக்கா?"

"எப்பவும் சொருவித்தான் வைப்பேன். என் மெசின்ல பேட்டரி செத்துப் பல காலமாச்சு. அதே பழக்கம்."

"அக்கா ஒக்காருத எடத்துல?"

நானும் ஜெபாவும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தோம். கிழக்குச் சுவரில் பிளக் பாயின்டே கிடையாது. இந்த ஊரில் கடலைப் பார்த்த சுவரில் வைத்தால் உப்புக்காற்றில் ஓராண்டுக்குள் பித்தளை பச்சை பூத்துவிடும் என்று வீட்டுக்காரர் விட்டுவிட்டார்.

"அங்கன வயரு எட்டாது" என்றாள் ஜெபா.

"அதான். பாருங்க, வயரப் புடுங்குனதும் ஒரு வரி, மின்னிணைப்பு நீங்கியதுன்னு. அதுக்கப்புறந்தான் வைஃபை சாவுது. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, நாப்பது தடவ. வயரு சொருவுனா ஒரு சாவும் இல்ல. பேட்டரியில ஓடும்போது கரண்ட மிச்சம் புடிக்கேன்னு எதுவோ வைஃபையத் தூங்க வைக்குது. சிக்கனத்துக்குன்னு என்னமும் போட்டியளா?"

ஜெபா என்னைப் பார்த்தாள். நான் மாவு மில்லின் பக்கம் பார்த்தேன்.

"போட்டேன்" என்றேன்.

"எங்க யார்டுலயும் பெட்டி சூடாயிட்டுன்னு ஓடிவந்தா நான் மொதல்ல பிளக்கைத்தான் பாப்பேன். நீங்க அந்த வரிய விட்டு வச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்." குரலில் கடுமை குறைந்திருந்தது. "சரி, ஒரு கோப்பத் திறக்கணும். கட்டளைய எழுதி அனுப்புதேன். ஒரு எழுத்து திருத்தக்கூடாது. எடவெளியக்கூடத் தொடப்படாது."

வந்தது. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கோடு போட்டு, என் தொழிலுக்கே அவமானமாக ஒரு வரி. விரல்கள் துடித்தன. ஜெபா என் தோளில் கைவைத்து, ஒவ்வோர் எழுத்தாக அதட்டித் தட்டவைத்தாள். கடவுச்சொல் கேட்டது. தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"எழுத்தே வரமாட்டேங்குது தங்கச்சி."

"வராது. நம்பித் தட்டுங்க."

கோப்பு திறந்தது. மின்கலத்தில் ஓடும்போது வைஃபை உறக்கம்: 'ஆன்'. அதை 'ஆஃப்' ஆக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் சொற்களைத் திருத்திக் காலம் தள்ளிய எனக்கு, அன்றைக்குச் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே திருத்தம். செய்தேன். சேமித்தேன்.

"இப்ப வயரப் புடுங்கிட்டு அக்காகிட்ட கொடுங்க. பத்து நிமிசம் பாருங்க. நான் சாப்பிடப் போறேன்."

ஜெபா ஜன்னலடியில் உட்கார்ந்தாள். கிழக்குக் காற்று அப்போதுதான் எட்டிப் பார்த்தது. நாலு நிமிடம். ஐந்து. பத்து. அவள் எழுந்து, ஓலைப்பெட்டியில் தலையை இடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். பதினைந்து.

"தங்கச்சிகிட்ட சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்றாள்.

மூன்று மணி

நேர்காணலின்போது நான் கூடத்தில் இருக்கக்கூடாது என்பது தீர்ப்பு. மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அவள் முதுகும், அதைத் தாண்டித் திரையில் மூன்று முகங்களும் தெரிந்தன.

ஜெபாவின் அலுவலக ஆங்கிலம் எனக்கு அதிகம் பழக்கமில்லாதது. அதில் ஒரு நிமிர்வு இருந்தது. என்னிடம் கத்திரிக்காய் வாங்கச் சொல்லுகிற குரலிலிருந்து வேறொருத்தி எழுந்து வந்து பேசினாள். பெட்டக எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் எந்தக் கடலில் என்ன நடக்கும் என்று சொன்னாள். புதிதாகச் சேருகிறவன் முதல் வாரத்தில் எங்கே தடுக்கி விழுவான் என்று சொன்னாள்.

பிறகு சட்டென்று அமைதி. திரையில் மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாய் மூடியபடி, கண் ஒரே பக்கம், அசைவே இல்லை. போயிற்று என்று எழுந்தேன். காலடியில் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டு நாலு படி இறங்கியது. ரோஸ்லினை அழைக்க அலைபேசியை எடுத்தேன்.

நடுவில் இருந்தவர் மூக்கைச் சொறிந்தார்.

அவர்கள் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் மெதுவாக மறுபடி உட்கார்ந்தேன். செம்பு கீழே கிடந்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கதவைத் திறந்தாள். இணைப்பு அறுந்ததேயில்லை, ஒரு தடவைகூட.

"எப்படி?"

"கேட்டாங்க, சொன்னேன்." முகம் கழுவப் போய்விட்டாள்.

கடிதம்

அடுத்த வாரம் அவள் ஜன்னலடிக்கே போகவில்லை. வியாழக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். மின்னஞ்சல் வந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கப் போனேன். மூடியைப் பாதி சாய்த்துக்கொண்டாள்.

"ஒக்காருங்க. நான் வாசிக்கேன்."

"கிடைச்சிட்டா?"

"வாசிக்கேன்னு சொல்லுதேன்லா." தொண்டையைச் சரிசெய்தாள். "அனுப்புநர், பயிற்சிப் பிரிவு, தலைமை அலுவலகம், நாலாவது மாடி."

"மாடியெல்லாம் எதுக்குளா?"

"பின்கோடு." ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். "பெறுநர், ஜெபா. பொருள், நிறுவன உள்தேர்வு குறித்து. பார்வை, எண் ஒண்ணு சாய்கோடு."

"ஏளா, நேரா கடைசிக்குப் போ."

"பார்வை, எண் ரெண்டு." கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டிருந்தது. "மேற்படி பொருள் தொடர்பாகத் தாங்கள் பங்கேற்ற காணொலி நேர்காணலைத் தொடர்ந்து, தேர்வுக் குழு தனது பரிந்துரையை அளித்தது. அப்பரிந்துரையை நிர்வாகம் பரிசீலித்தது. பரிசீலனையின் முடிவில்."

நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரிசீலனையின் முடிவில், தங்களைப் பயிற்றுநராகத் தேர்வு செய்திருப்பதை."

நான் எழுந்துவிட்டேன். அவள் கையால் அமர்த்தினாள்.

"ஒக்காருங்கன்னு சொன்னேன். இன்னும் நகல் யார்யாருக்குன்னு ஆறு பேரு இருக்கு."

ஆறு பேரையும் வாசித்தாள். பதவிகளோடு.